கேஸ் ஜீப்பு



2024 ஆகஸ்டில் எங்கள் ஜீப்பை விற்றுவிட்டோம். செய்தி தெரிந்து பல தோழர்கள் போன் செய்தார்கள். சிலர் வருத்தப்பட்டார்கள். ஒரு கல்லூரி மாணவர், "அந்த ஜீப்ப மியூசியத்துல வைக்கணும்ண்ணா, வித்துட்டீங்களே" என்றார். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் சொல்வதைவிட நடந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தோம். எழுதும்போது வண்டியைவிட, விற்கிற நேரத்தில் நாங்கள் கேட்டுக்கொண்ட பேச்சுதான் அதிகம் நினைவுக்கு வருகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம்.

நாங்கள் என்றால் ஐந்து பேர். இரண்டு வழக்கறிஞர்கள், இரண்டு சமூகப் பணியாளர்கள், பணி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர். செங்கம், போளூர், ஜவ்வாது மலை அடிவாரம் என்று திருவண்ணாமலை மாவட்டத்தில் வேலை. எங்காவது வன்கொடுமை நடந்தால் போய்ப் பார்ப்பது, அறிக்கை எழுதுவது, வழக்குப் பதிய வைப்பது, சாட்சிகளை நீதிமன்றத்துக்கு அழைத்துப் போவது. இவ்வளவுதான் எங்கள் வேலை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனம் அல்ல. ஜீப்பின் ஆர்.சி. எங்களில் ஒருவர் பெயரில் இருந்தது. பணம் மட்டும் எல்லோருடையது. அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், ஒரு செருப்புக் கடைக்காரர் என்று பலர் போட்ட நூறும் ஆயிரமும் சேர்ந்து 2013இல் வாங்கியது. 2004 மாடல். டீசல். நான்கு சக்கரமும் இழுக்கும். பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு சீட்டு.

ஏன் ஜீப் வாங்கினோம் என்பதை இளையவர்களுக்குச் சொல்ல வேண்டும். அதற்கு முன் வாடகைக் கார் எடுத்துக்கொண்டுதான் போவோம். கார் ஊர் வரைக்கும் போகும். கோயில், பால் சொசைட்டி, டீக்கடை எல்லாம் தாண்டியதும் டிரைவர் வேகத்தைக் குறைப்பார். "எங்க சார் போவணும்?" என்பார். காலனிக்கு என்று சொன்னதும் வண்டி நின்றுவிடும். "இதுக்கு மேல வண்டி போவாது சார், அடி தட்டும்" என்பார். பாதி நேரம் அது உண்மை. மீதி நேரம் அடி தட்டுவது வண்டிக்கு அல்ல, அவருக்கு. எது உண்மை, எது சாக்கு என்று கடைசி வரை எங்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஏனென்றால் இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். ஊர் வரைக்கும் தார் போட்டார்கள். சேரிக்கு மண்ணை விட்டார்கள்.

இப்போது 'ஆஃப் ரோடு' என்று ஒரு பொழுதுபோக்கு வளர்ந்திருக்கிறது. வாரக் கடைசியில் சேற்றில், ஆற்றில், பாறையில் ஜீப் ஓட்டி வீடியோ போடுகிறார்கள். அதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் ரோடு இல்லாத இடத்தைத் தேடிப் போவது அவர்களுக்கு விளையாட்டு. பிரசவ வலி வந்த பெண்ணைக் கட்டிலில் வைத்து ஓடை தாண்டித் தூக்கி வந்தவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. எங்களுக்குத் தெரிந்த ஆஃப் ரோடு என்பது ஊர் முடிந்து காலனி தொடங்குகிற அந்த அரை கிலோமீட்டர்தான்.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு பழையது. அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன்வரலாற்றுக் குறிப்புகளில் இரண்டு பயணங்களைச் சொல்கிறார். 1901இல் சிறுவனாக அப்பாவைப் பார்க்க ரயிலில் போய் இறங்கியபோது, மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் எந்த மாட்டு வண்டிக்காரரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் ஒருவர் இரட்டிப்புக் கூலிக்கு ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனை: பிள்ளைகளே வண்டியை ஓட்ட வேண்டும், அவர் கூடவே நடந்து வருவார். இரண்டாவது 1929இல். அப்போது அவர் பம்பாய் அரசு நியமித்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். ஒரு கிராமத்தின் சமூகப் புறக்கணிப்பை விசாரித்துவிட்டுச் சாலிஸ்கான் திரும்புகிறார். தீண்டப்படாதவருக்கு வண்டி ஓட்ட எந்த டோங்காக்காரரும் சம்மதிக்கவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்குக் கொடுத்தார்கள். பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார். பாலத்தில் சக்கரம் சிக்கி, அண்ணல் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்தது. கவனியுங்கள், அவர் போனது இன்று நாம் உண்மை அறியும் குழு என்கிறோமே, அந்த வேலைக்குத்தான். சட்டம் படித்து வந்தவர், அரசின் குழுவில் இருந்தவர், அவருக்கே டிரைவர் கிடைக்கவில்லை.

நம் மாநிலத்திலும் கதை வேறல்ல. 1997இல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கியதற்குத் தென் மாவட்டங்களில் என்ன கலவரம் நடந்தது என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் தலைவர்களின் பெயர்களையே அரசு எடுத்துவிட்டது. அதே 1997, ஜூன் 30. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் சென்றவர்களும் வெட்டப்பட்டது ஓடுகிற பேருந்தை மறித்துத்தான். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். பேருந்தில் பெயர் இருந்தாலும் குற்றம், பேருந்தில் ஆள் இருந்தாலும் குற்றம். வன்கொடுமை தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தபோது, பொது இடத்தில் சைக்கிளோ பைக்கோ ஓட்டுவதைத் தடுப்பதே ஒரு குற்றம் என்று தனியாக எழுத வேண்டியிருந்தது. 3(1)(za) பிரிவைப் படித்துப் பாருங்கள். செருப்பு, புதுத்துணி, கல்யாண ஊர்வலம், பைக் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் சட்டம் எழுதுவதில்லை.

இப்படி யோசித்துத்தான் சொந்தமாக ஒரு ஜீப் வாங்கினோம். பதினொரு வருடம் ஓடியது. சாட்சிகளை, அடிபட்டவர்களை, ஒருமுறை பிணத்தையும் ஏற்றியிருக்கிறோம். நிறைய மாணவர்கள் அதில்தான் கள வேலை கற்றுக்கொண்டார்கள்.

ஏன் விற்றோம்? சொந்த உபயோக வண்டிக்குப் பதினைந்து வருடம்தான் பதிவு. அதன் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019இல் ஒருமுறை புதுப்பித்தோம். 2024இல் இரண்டாவது முறை. 2022 ஏப்ரலில் இருந்து காருக்கு, ஜீப்புக்குப் புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் அப்போது 5,000 ரூபாயாக இருந்தது. அதோடு பசுமை வரி, பிரேக் வேலை, லைட் வேலை, டயர் இரண்டு. காட்டிவிட்டு வருவதற்குள் கையில் இருந்தது எல்லாம் கரைந்துவிட்டது. மாதம் டீசலுக்குப் போகிற பணத்தில் எத்தனை சாட்சிகளைப் பஸ்ஸில் அழைத்துப் போகலாம் என்று ஆசிரியர் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார். எங்களில் யாரும் மறுத்துப் பேசவில்லை.

1,90,000 ரூபாய் என்று போட்டோவோடு விளம்பரம் கொடுத்தோம். நிறையப் பேர் கூப்பிட்டார்கள். புரோக்கர்கள்தான் அதிகம். ஒருவர் பண்ணை வைத்திருப்பவர். எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசியில், "வண்டி யாரு வச்சிருந்தது?" என்றார். சொன்னோம். "ஊருக்குள்ளயா, காலனியா?" என்றார். சொன்னோம். "சரி, பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்தவர் பிறகு கூப்பிடவே இல்லை. இரும்புக்கும் தீட்டு ஒட்டுமா என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். சிரிப்பு சீக்கிரம் அடங்கிவிட்டது.

சென்னையில் இருந்து ஒரு சாஃப்ட்வேர் எஞ்சினியர். ஆஃப் ரோடு குழுவில் இருப்பவர். நல்ல மனிதர். போட்டோவைப் பார்த்தே 2,10,000 தருவதாகச் சொன்னார். பழைய நான்கு சக்கர இழுவை ஜீப்புக்கு அவர்களிடம் அவ்வளவு மதிப்பு. எங்களுக்குச் சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. சேஸில் ஒரு விரிசல் உண்டு. 2017இல் விட்டது. வெல்டிங் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தோம். விளம்பரத்துக்கு எடுத்த பன்னிரண்டு போட்டோவில் அடிப்பக்கம் ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்றே செய்தோமா என்று கேட்டால், ஆமாம், வேண்டுமென்றேதான்.

அடுத்த நாள் ஒரு தம்பி வந்தார். வயது 22. கிணற்று மோட்டார் வேலை செய்கிறவர். போர்வெல்லில் இருந்து மோட்டாரை ஏற்றுவது, காயில் கட்டுவது, மறுபடி இறக்குவது. பைப்பு, செயின் பிளாக், கயிறு எல்லாவற்றையும் வாடகை டாட்டா ஏஸில் ஏற்றிப் போய், அது நிற்கிற இடத்தில் இருந்து வரப்பில் தோளில் சுமந்து போகிறார். "கெணத்து மேடு வரைக்கும் போவணும்ண்ணா, அதுக்கு இதான் சரி" என்றார். எங்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். 2017இல் அவருடைய அண்ணன், கல்யாணமாகி ஒரு மாதம், மனைவியைப் பைக்கில் வைத்துக்கொண்டு ஊர்த்தெரு வழியாகப் போனார். மறித்து, இறங்கித் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அவர் இறங்கவில்லை. அடித்தார்கள். அன்றிரவு காலனியில் ஆறு வீடுகளை உடைத்தார்கள். மறுநாள் இரவு நாங்கள் ஜீப்பில் போனபோது, ஓடையில் சிக்கிய வண்டியைத் தள்ளிய பையன்களில் ஒருவர்தான் இந்தத் தம்பி. அப்போது பதினைந்து வயது.

உடனே எங்கள் மனம் இளகிவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இவருக்குத்தான் கொடுக்க வேண்டும், விலையைக் குறைத்துக் கொடுத்துவிடலாம், அந்த ஜீப் அதே காலனிக்குப் போவதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. இப்படி எல்லாம் எங்களுக்குள் ஓடியது. "தம்பி, உனக்குன்னா ஒரு லட்சம் குடு போதும். மீதிய மெதுவா பாத்துக்கலாம்" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "எல்லாருக்கும் இன்னா வெல சொன்னீங்க?" என்றார். 1,90,000. சென்னைக்காரர் 2,10,000 தருவதாகச் சொன்னதையும் சொன்னோம்.

"அப்பிடின்னா அவருக்கே குடுங்கண்ணா. எனக்குக் கொறச்சுக் குடுத்தீங்கன்னா நாளைக்கு வண்டி நடுரோட்ல நின்னாகூட உங்களத் திட்ட முடியாது. கும்புடுதான் போடணும்."

இதற்கு எங்களிடம் பதில் இல்லை. சமூகவியலில் முதுகலை படித்தவர்கள், தான தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை மேடை மேடையாகப் பேசியவர்கள். ஒரு வண்டி பேரம் என்று வந்ததும் நாங்கள் கொடுக்கிற இடத்திலும் அவர் வாங்குகிற இடத்திலும் தானாகவே போய் நின்றுவிட்டோம்.

அவர் செல்போன் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் விரல் விட்டு எண்ணினார். முன் டிஃபரன்ஷியலில் ஆயில் கசிவு. ஸ்டியரிங்கில் ஆட்டம். பின்பக்க பட்டையில் ஓர் இலை உடைந்திருக்கிறது. நான்கு சக்கர இழுவைக்கான சின்னக் கம்பி மேட்டில் ஏறும்போது நழுவும். கடைசியாக, "சேஸுல வெல்டிங் வச்சிருக்கீங்க. சொல்லவே இல்லயே" என்றார்.

"அது உனக்குத் தெரியுமே தம்பி. அன்னிக்கு ராத்திரி உங்க ஊர்ல இருந்து வரும்போது ஆனதுதான்" என்றோம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த இரவை நாங்கள் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். வாக்குமூலங்களை எழுதி முடிக்க இரவு இரண்டு மணி ஆனது, ஊர் வழியை மறித்துவிட்டார்கள், ஏரிக்கரை வழியாக விளக்கை அணைத்துவிட்டு வண்டியை எடுத்தோம், ஓடையில் பாறையில் மோதிச் சேஸ் விரிந்தது, அப்படியும் விடியும் முன் எஸ்.பி. அலுவலகத்துக்கு மனுவோடு போய் நின்றோம். பயிற்சி முகாம்களில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் கை தட்டியிருக்கிறார்கள். எங்கள் அறிக்கையின் முடிவுரையில், 'குழுவின் வருகையால் மக்கள் துணிவு பெற்றனர்' என்று எழுதியிருந்தோம்.

தம்பி ஜீப்பின் படியில் உட்கார்ந்தார். "நீங்க ரெண்டு மணிக்குப் போனீங்க. மூணு மணிக்கு எங்க ஓட்டு மேல கல்லு விழுந்துச்சு. அம்மா எங்க எல்லாரையும் கட்டிலுக்கு அடியில படுக்க வச்சாங்க. ஜீப்பு எந்தெந்த வீட்டாண்ட நின்னுச்சோ அந்த வீடெல்லாம் அவுங்களுக்குக் கணக்கு. அதுக்குத்தான்ண்ணா எங்க ஊர்ல இதுக்குப் பேரே கேஸ் ஜீப்பு."

கோபமாகச் சொல்லவில்லை. ஆயில் கசிவைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னார்.

எங்களுக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது. அந்தக் காலனியில் ஓர் அக்கா, "வண்டிய ஸ்கூலாண்டயே நிறுத்திட்டு நடந்து வாங்களேன்" என்று கேட்டுக்கொண்டது. பயப்படுகிறார்கள், விழிப்புணர்வு வேண்டும் என்று குறிப்பு எழுதினோம். வழக்கில் ஐந்து பேர் பிறழ் சாட்சியானார்கள். விலை போய்விட்டார்கள் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். அந்த ஐந்தில் இரண்டு, அன்றிரவு நாங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தி உட்கார்ந்து எழுதிய வீடுகள். 2022இல் எல்லோரும் விடுதலை. மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது.

ஜீப் என்றால் கிராமத்தில் என்ன? மகிந்திரா நிறுவனம் இங்கே வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கிய காலம் முதல் அது போலீஸ் வண்டி, வனத்துறை வண்டி, தாசில்தார் வண்டி. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று நுழைந்தவர்களில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை என்று 269 பேர் மீது வழக்கு வந்தது. ஜீப் சத்தம் கேட்டால் காட்டுக்குள் ஓடுகிற மக்களிடம், இது வேறு ஜீப், உங்கள் ஜீப் என்று நாங்கள் நம்ப வைக்க நினைத்தோம். ஆனால் வருகிற ஜீப் எதுவாக இருந்தாலும் திரும்பிப் போய்விடும். காலனி அங்கேயேதான் இருக்கும்.

அப்படியென்றால் போகாமல் இருந்திருக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். போகாமல் இருந்தால் வழக்கே பதிந்திருக்காது. தம்பியும் அதைத்தான் சொன்னார். "நீங்க வந்தது தப்புன்னு சொல்லலண்ணா. போறதுக்கு முன்னாடி ஒரு போலீஸ நிறுத்திட்டுப் போயிருக்கலாம்." இதை ஒரு மோட்டார் மெக்கானிக் சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலையிலா நாங்கள் இருந்தோம்? சட்டத்தின் 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கிற உரிமையைத் தருகிறது. 1995ஆம் ஆண்டு விதிகளில் 12ஆவது விதி ஆட்சியரும் எஸ்.பி.யும் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது. வாக்குமூலம் எழுதுகிற அவசரத்தில் அன்றிரவு இதைக் கேட்டு வாங்காமல் கிளம்பினோம். விடிந்தால் மனு கொடுக்கப் போகிறோமே என்று நினைத்தோம். எங்களுக்கு விடிந்தது.

பேரத்துக்கு வருவோம். தம்பி கேட்டது 1,45,000. நாங்கள் 1,80,000 என்றோம். ஒவ்வொரு வேலைக்கும் என்ன செலவாகும் என்று தரையில் குச்சியால் எழுதிக் கூட்டிக் காட்டினார். எங்கள் வழக்கமான மெக்கானிக் பாயைக் கூப்பிட்டோம். அவரும் அந்தக் கணக்கு சரிதான் என்றார். 1,60,000க்கு முடிந்தது. ஆனால் அது பொதுப் பணத்தில் வாங்கிய வண்டி. 50,000 ரூபாயை விட்டுக்கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை. அதனால் அன்று மாலை சென்னைக்காரரைக் கூப்பிட்டு வெல்டிங் உட்பட எல்லாவற்றையும் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சேஸ் அப்படின்னா நான் 1,50,000க்கு மேல போக முடியாது சார்" என்றார். சொன்னதற்கு நன்றி என்றும் சொன்னார். ஆக, தம்பிக்கு நாங்கள் சலுகை எதுவும் செய்யவில்லை. உள்ளதைச் சொன்ன பிறகு வந்த விலைகளில் கூடுதலாகக் கொடுத்தவர் அவர்தான்.

தவணையில் கொடுக்கலாம் என்றோம். மறுத்துவிட்டார். "தவணன்னா முடியற வரைக்கும் உங்க வண்டி மாதிரியே இருக்கும்." சேமிப்பில் 90,000, மீதிக்கு அம்மாவின் நகையை அடகு வைத்துக் கொண்டுவந்தார். சாவியைக் கொடுத்தோம். வாங்கவில்லை. "முதல்ல பேரு மாறட்டும்."

இதை இளைஞர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். நம் பிள்ளைகள் பலர் பழைய வண்டி வாங்கி, ஆர்.சி. வேறு யார் பெயரிலோ இருக்க வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். "29லயும் 30லயும் கையெழுத்து வாங்கி வச்சுக்க, எப்ப வேணா மாத்திக்கலாம்" என்று புரோக்கர்கள் சொல்வார்கள். நம்பாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 50ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். ஆர்.சி.யில் யார் பெயரோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. விற்றவருக்கு அது ஆபத்து என்றால் வாங்கியவருக்கு அதைவிட ஆபத்து. போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்தால் மீட்க வேண்டியவர் ஆர்.சி.யில் பெயர் உள்ளவர். பணம் கொடுத்தவன் ஸ்டேஷன் வாசலில் நிற்பான். நிலத்தில் நமக்கு நடந்ததும் இதுதானே. உழுதது நாம், பட்டா வேறு ஒருவர் பெயரில். இன்சூரன்சையும் 14 நாளுக்குள் பெயர் மாற்ற எழுதிக் கொடுங்கள்.

பெயர் மாறி அட்டை வந்த அன்று தம்பி வந்து சாவி வாங்கினார். முன் கண்ணாடியில் அண்ணலின் படமும் 'ஜெய்பீம்' என்ற எழுத்தும் ஒட்டியிருந்தது. அது அப்படியே போகும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் வேலைக்குப் போகிற கிணறுகள் யாருடையவை என்று எங்களுக்கும் தெரியும். எங்களில் ஒருவர், "அத எடுத்துடாத தம்பி" என்று சொல்லிவிட்டார். சொன்ன உடனே தப்பு என்று தெரிந்தது.

"ஒட்டறதா எடுக்கறதான்னு நான் பாத்துக்கறேன்ண்ணா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது அந்தக் கண்ணாடியில் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். இங்கே எழுதப்போவதில்லை. அது அவர் வண்டி.

கடைசியாக ஒன்று. ஜீப் போன பிறகு முதல் விசாரணை செப்டம்பரில் வந்தது. வேறொரு வழக்கு. நான்கு சாட்சிகள். அதில் ஒருவர் எழுபது வயதுப் பாட்டி. எப்படி அழைத்துப் போவது என்று உட்கார்ந்து யோசித்தபோது, எங்களில் இளைய வழக்கறிஞர் விதிகளை எடுத்து 11ஆவது விதியைச் சத்தமாக வாசித்தார். பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் வீட்டில் இருந்து நீதிமன்றம் போய்வர ரயில், பஸ் அல்லது டாக்ஸிக் கட்டணத்தை அரசு தர வேண்டும். பெண்களுக்கும் 60 வயதைக் கடந்தவர்களுக்கும் துணைக்கு ஒருவர் வரலாம், அவருக்கும் கட்டணம் உண்டு. அன்றைய குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படி. சாப்பாட்டுச் செலவு தனி. இவற்றை உடனே அல்லது மூன்று நாளுக்குள் கொடுக்க வேண்டும்.

எங்களுக்கு இது தெரியாதா? தெரியும். வகுப்பு எடுத்திருக்கிறோம். ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு சாட்சிக்குக்கூட மனுப் போட்டு வாங்கித் தந்ததில்லை. ஏனென்றால் எங்களிடம் ஜீப் இருந்தது. காலையில் போய் ஏற்றிக்கொள்வோம், டிபன் வாங்கிக் கொடுப்போம், மாலையில் இறக்கிவிடுவோம். அரசு செய்ய வேண்டிய வேலையை நாங்கள் நன்கொடையில் செய்துகொண்டிருந்தோம். அன்றைக்குக் கூலியை இழந்த சாட்சிக்குச் சட்டப்படி வர வேண்டிய பணத்துக்குப் பதிலாக நாங்கள் தந்தது இரண்டு இட்லியும் ஒரு வடையும். அதற்கு அவர்கள் எங்களைக் கும்பிட்டார்கள். தம்பி சொன்ன அதே கும்பிடு.

பாட்டிக்கும் துணைக்கு வந்த பேத்திக்கும் மற்ற மூவருக்கும் சேர்த்து மனுப் போட்டோம். ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள். இப்படி ஒரு தலைப்பில் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார்கள். விதியின் நகலை வைத்தோம். மூன்று நாள் என்பது ஏழு வாரம் ஆனது. ஆனால் வந்தது. பாட்டி பணத்தை எண்ணிப் பார்த்துவிட்டு, "இது யாரு குடுத்தது?" என்று கேட்டார். கவர்மென்ட்டு என்றோம். "எதுக்கு?" என்றார். நீ கோர்ட்டுக்கு வந்து உண்மையைச் சொன்னதுக்கு என்றோம். மறுபடி ஒருமுறை எண்ணி முடிச்சுப் போட்டுக்கொண்டார். எங்களைக் கும்பிடவில்லை.

உங்கள் பகுதியில் நடக்கிற வழக்குகளில் சாட்சிகளுக்குப் பயணப்படி கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். மனுவை எழுதத் தெரியவில்லை என்றால் எங்களைக் கூப்பிடுங்கள். பஸ்ஸில் வருகிறோம்.

ஜெய்பீம்.